மிக்ஸ்டு கன்டென்ட்: ‘கலப்பு உள்ளடக்கம்’ போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் இணைப்பில் வரும் வலைப்பக்கத்துக்குள், பாதுகாப்பில்லாத பழைய எச்டிடிபி வழியாக நிரலோ படமோ வருவதை ஆங்கிலத்தில் மிக்ஸ்டு கன்டென்ட் என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘கலப்பு உள்ளடக்கம்’ என்ற பரிந்துரையைப் படித்தேன். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் கலப்புத் திருமணம், கலப்பு இரட்டையர் என்றெல்லாம் புழங்கும் சொல் அது. பிழைச்செய்தியில் அதைப் பார்ப்பவருக்கு ஆபத்து இருப்பதே தெரியாது.

என் தளத்தில் தமிழ்த் தட்டச்சுக்கென ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நிரல் உண்டு. தளத்தை எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றிய அன்றே அது நின்றுபோனது. என்ன தட்டினாலும் ஆங்கில எழுத்துதான் வந்தது. விசைப்பலகையில்தான் கோளாறு என்று வாசகர்கள் நினைத்துக்கொண்டார்கள். தேடிப் பார்த்தால், பக்கம் பூட்டுக் குறியோடு வருகிறது, நிரலின் முகவரி மட்டும் பழைய எச்டிடிபியிலேயே இருக்கிறது. வழியில் யாராவது அந்தக் கோப்பை மாற்றிவிட்டால், கடவுச்சொல் பெட்டி உட்பட முழுப் பக்கமும் அவர் கைக்குப் போய்விடும். ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம். அதனால் உலாவி அதை ஏற்றவே இல்லை. பயர்பாக்ஸ் உலாவி 2013இல் வந்த 23ஆம் பதிப்பிலிருந்தே இப்படித்தான். படங்களை அப்போது விட்டுவிட்டது. படம் மாறினால் பக்கம் முழுவதும் பறிபோகாது.

நிரல் இருந்த வழங்கி (சர்வர்) அதை எச்டிடிபிஎஸ்ஸிலும் தருகிறதா என்று பார்த்துக்கொண்டு, முகவரியில் ஓர் ‘எஸ்’ சேர்த்தேன். சரியாகிவிட்டது. முன்பெல்லாம் எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் என்ற நெறிமுறைப் பெயரை விட்டுவிட்டு இரண்டு சாய்கோட்டில் முகவரியைத் தொடங்குவோம். இப்போது நேரடியாக எச்டிடிபிஎஸ் என்றே எழுதுவது நல்லது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ‘கலப்படம்’ ஆபத்தைச் சொல்கிறது. ஆனால் வேண்டுமென்றே செய்தது போன்ற பழியும் கூட வருகிறது. இது பெரும்பாலும் பழைய முகவரியை மாற்ற மறந்த கதைதான். அப்புறம் ஏதிலி போலக் ‘காப்பிலி’ என்று வைக்கலாமே என்று தோன்றியது. சின்னச் சொல், இலக்கணமும் இடம் தருகிறது. இலங்கை நண்பர் ஒருவரிடம் சொன்னதும் வேண்டவே வேண்டாம் என்றார். அங்கே ஆப்பிரிக்க வழிவந்த மக்களைக் குறிக்கும் பெயர் அது. ஓர் இனத்தின் பெயரைப் பிழைச்செய்தியில் போடக் கூடாது. அதை அப்போதே விட்டுவிட்டேன்.

என் பரிந்துரை ‘காப்பற்ற வரவு’. பக்கத்தைக் குறை சொல்லாமல், உள்ளே வரும் பொருளைச் சுட்டுகிறது. செய்தியில் வைத்துப் பாருங்கள்: “காப்பற்ற வரவு தடுக்கப்பட்டது.” எதைத் திருத்த வேண்டும் என்பது படித்ததுமே புரிகிறது. நிரலுக்கு ‘இயங்கு வரவு’, படத்துக்கு ‘இயங்கா வரவு’ என்று பிரித்தும் சொல்லலாம்.

‘வரவு’ என்றால் வரவு செலவுக் கணக்கு நினைவுக்கு வருமோ என்பது ஒன்றுதான் எனக்குள்ள தயக்கம். உங்களுக்கும் அப்படித் தோன்றினால் எழுதுங்கள்.