பி-பிட் போர்டில் லாம்டா நிலைக்கு வரவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம், மொரிஷியஸ் ரோஸ் ஹில்லில் இருந்து எழுதுகிறேன். தைப்பூசக் காவடி அன்று 40 தொண்டர்களை 12 வேலைகளுக்குப் பிரிக்கும் கணக்கை எஃப்பிஜிஏ போர்டில் (உள்ளமைப்பை நாமே மாற்றிக்கொள்ளக்கூடிய சிப்) 480 பி-பிட்களாக ஓட்டுகிறேன்; பி-பிட் என்பது 0, 1 என்று தற்செயலாக மாறிக்கொண்டே இருக்கும் பிட், ஓர் ஆள்-வேலை ஜோடிக்கு ஒன்று. ஆளுக்கு ஒரே வேலை. ஒவ்வொரு வேலைக்கும் ஆள் வரம்பு உண்டு. மூன்று வாரமாக முட்டி நிற்கிறேன்.

முதலில் விதிமீறலுக்கு வர்க்க அபராதம் போட்டேன். அதன் எடையை 2 வைத்தால் ஒரே ஆள் தண்ணீர்ப் பந்தலிலும் அன்னதானத்திலும் நிற்கிறார். 20 வைத்தால் மீறல் இல்லை, ஆனால் பிட்கள் உறைந்துபோய் 1 முதல் 5 வரையான விருப்ப மதிப்பெண்கள் அமுங்கிவிடுகின்றன. பிட்களின் தற்செயல் ஆட்டத்தை அடக்கும் பீட்டாவை மெதுவாக ஏற்றியும் பலனில்லை. தவிர, இந்த அபராதம் ஒரு விதிக்குள் வரும் பிட்கள் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோத்துவிடுவதால், ஒரே நேரத்தில் புதுப்பிக்க முடிகிற பிட்கள் குறைந்துபோகின்றன. போர்டின் வேகமே அதில்தானே இருக்கிறது!

அதனால் லக்ராஞ்ச் பெருக்கிக்கு, அதாவது விதிக்கு ஒன்றாக வைத்து மீறலைப் பார்த்து மாற்றிக்கொண்டே போகும் லாம்டா என்ற எடைக்கு மாறினேன். அது பயாஸை (ஒரு பிட் 0, 1-இல் எந்தப் பக்கம் சாயும் என்ற அளவை) மட்டும் நகர்த்தும், புது இணைப்பு வேண்டாம். 100 சுற்றின் சராசரி மீறலை 0.1-ஆல் பெருக்கி லாம்டாவில் கூட்டுகிறேன். வரம்பு விதிகளில் அதைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே விடுவதில்லை. இப்போது லாம்டா ஊஞ்சலாடுகிறது: பார்க்கிங்கில் 11 பேர், அடுத்த முறை ஒருவர்கூட இல்லை.

படி அளவை (அந்த 0.1-ஐ) குறைப்பதா, சுற்றுகளைக் கூட்டுவதா, லாம்டாவோடு சிறு அபராதமும் சேர்ப்பதா, எதை முதலில் மாற்றட்டும்?