குழாய் விழுந்து கால் முறிந்தது. ‘கவனக்குறைவு’ என்கிறது அறிக்கை. கையெழுத்துப் போடலாமா?

தரைப்பணியாளன்:
எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மூன்று வாரங்களுக்கு முன், இரவு ஷிப்ட். சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி நான்கு துரப்பணக் குழாய்களைச் சுமந்துகொண்டு அடுக்குச் சட்டத்தை நெருங்கியது. 5 அங்குலக் குழாய். 9 மீட்டருக்கு மேல் நீளம். ஒன்றே 300 கிலோ வரும். குழாய் உருளாமல் ஆப்பு வைப்பதற்காகச் சட்டத்தின் ஓரத்தில் நின்றேன். வண்டியின் முன்சக்கரங்கள், தரையில் போட்டிருந்த மரப்பலகைப் பாயின் விளிம்பைத் தாண்டிச் சேற்றில் இறங்கின. சுமையைத் தாங்கும் ஃபோர்க் தலைகுனிந்தது. முதல் குழாய் உருண்டு என் இடது காலில் விழுந்தது. பூட்ஸின் இரும்பு மூக்கு விரல்களைக் காப்பாற்றிவிட்டது. அந்த இரும்பு முடிகிற இடத்தில் மூன்று எலும்புகள் முறிந்தன.

அறிக்கையில் காரணம் ஒரே வரி: ‘பணியாளரின் கவனக்குறைவு’. சேற்றைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

பழைய ஓட்டுநர்:
22 ஆண்டுகள் ஓட்டியவன் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். குழாய்களைப் பட்டை போட்டுக் கட்டியிருந்தார்களா?

தரைப்பணியாளன்:
கட்டியிருந்தார்கள். சட்டத்துக்கு ஓர் ஆள் தூரம் இருக்கும்போது அவிழ்த்தாயிற்று. அவிழ்த்தது நான்தான்.

பழைய ஓட்டுநர்:
அவிழ்க்கச் சொன்னது யார்? ஃபோர்க்கைச் சட்டத்தோடு ஒட்டி நிறுத்தி, பிரேக் போட்ட பிறகுதான் பட்டையில் கை வைக்க வேண்டும். அவிழ்த்துவிட்டு வண்டியை நகர்த்தினால், குழாயைப் பிடித்து வைக்க ஃபோர்க்கின் சாய்வைத் தவிர வேறொன்றும் இல்லை. சக்கரம் நான்கு விரற்கடை இறங்கினாலே அந்தச் சாய்வு போய்விடும். நீங்கள் நின்ற இடமும் தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் முன்னால் ஆள் நிற்பதைப் பார்த்துக்கொண்டே வண்டியை நகர்த்தியவருக்கு அறிக்கையில் என்ன பெயர் வைத்தார்கள்?

பாதுகாப்புப் பிரிவில் இருந்தவள்:
அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். ‘பெற்றுக்கொண்டேன், உடன்படவில்லை’ என்று எழுதித் தேதி போட்டு, உங்கள் தரப்பைத் தனித்தாளில் இணையுங்கள், நகல் கட்டாயம். சிக்னல் கொடுக்க ஆள் இருந்தாரா, விளக்கு எந்தப் பக்கம் எரிந்தது, பாய் எங்கே முடிந்தது என்று கையால் ஒரு படம் வரையுங்கள். பட்டையை அவிழ்த்ததையும் மறைக்க வேண்டாம். அவர்களே கண்டுபிடித்தால் மற்றதையும் நம்பமாட்டார்கள். அடுத்த முறை புறங்காலையும் மூடும் காப்பு உள்ள பூட்ஸ் கேளுங்கள்.

தரைப்பணியாளன்:
சிக்னல் ஆள் இல்லை. வரைந்துவிடுகிறேன். ஆனால் இடத்தைப் போட்டோ எடுக்க வழியில்லை. மறுநாள் காலையிலேயே அந்தச் சேற்றின் மேல் இன்னொரு பாய் போட்டுவிட்டார்களாம்.

பழைய ஓட்டுநர்:
போட்டார்களா? அதை முதல் வரியாக எழுதுங்கள்.