'சிவிலைசேஷன்' என்பதற்குக் குஜராத்தியில் 'சுதாரோ': பொருளும் வழக்கும்

கேள்வி

காந்தி 1909ஆம் ஆண்டு நவம்பரில், லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பும் கப்பலில் குஜராத்தியில் எழுதிய 'ஹிந்த் ஸ்வராஜ்' நூலையும், மறு ஆண்டு அவரே வெளியிட்ட அதன் ஆங்கில வடிவத்தையும் அருகருகே வைத்துப் படித்து வருகிறேன். ஆங்கிலத்தில் 'சிவிலைசேஷன்' என்று வரும் இடங்களில் மூலத்தில் 'சுதாரோ' என்ற சொல் நிற்கிறது. அகராதியைப் புரட்டினால் 'சுதாரோ' என்பதற்குத் திருத்தம், சீர்திருத்தம், முன்னேற்றம் என்ற பொருள்கள்தாம் முதலில் கிடைக்கின்றன. மறுபுறம், 'சிவிலைசேஷன்' என்ற சொல்லை மொழிபெயர்ப்புச் செயலியில் இட்டால் 'சப்யதா' என்றும், சில வேளைகளில் 'சம்ஸ்கிருதி' என்றும் வருகிறது. இவற்றுள் எது சரி? தமிழில் எழுதும்போது 'நாகரிகம்' என்பதா, 'சீர்திருத்தம்' என்பதா? 13ஆம் அதிகாரத்தில், 'சிவிலைசேஷன்' என்பதற்கு நிகரான குஜராத்திச் சொல்லுக்கு 'நன்னடத்தை' என்று பொருள் என ஆங்கிலத்தில் அவர் எழுதும் வரிதான் என்னை மேலே நகரவிடாமல் நிறுத்திவிட்டது.

மறுமொழி 1

இன்றைய வழக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். சிந்துவெளி நாகரிகம், எகிப்திய நாகரிகம் என்று எழுத வேண்டிய இடத்தில் இன்றைய குஜராத்தியில் 'சப்யதா', 'சம்ஸ்கிருதி' என்ற சொற்களே வரும். 'சம்ஸ்கிருதி' பண்பாட்டையும் குறிக்கும். அங்கே 'சுதாரோ' என்று எழுதினால் படிப்பவர் திகைப்பார்.

'சுதாரோ' என்ற சொல்லைப் புரிந்துகொள்ள அதன் வினையிலிருந்து தொடங்குவது நல்லது. 'சுதர்வும்' என்றால் தானே சீராதல். 'சுதார்வும்' என்றால் ஒன்றைச் சீராக்குதல். மாணவரின் விடைத்தாளில் பிழை திருத்துவதும் 'சுதார்வும்'தான். அடுப்படியில் காயைக் கழுவி, காம்பும் சொத்தையும் நீக்கி, சமையலுக்கு ஏற்ற துண்டுகளாக நறுக்குவதும் 'ஷாக் சுதார்வும்'தான். வேண்டாததைக் களைந்து பயன்பாட்டுக்கு உரியதாக்குவது என்ற அந்தக் கைவேலைப் பொருளை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். சட்ட முன்வரைவில் செய்யப்படும் திருத்தம் 'சுதாரோ', நாளிதழின் வணிகப் பக்கத்தில் பங்கு விலை ஏறினால் அதுவும் 'சுதாரோ', சீர்திருத்தவாதி 'சுதாரக்', நகராட்சிக்குப் பழைய பெயர் 'சுதராயி'. ஒரே வேரிலிருந்து சமையலறையும் சட்டமன்றமும் சொல் எடுத்துக்கொண்டிருக்கின்றன.

மறுமொழி 2

மேலே உள்ள விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் 1909இல் அந்தச் சொல் வாசகர் காதில் எப்படி ஒலித்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கைம்பெண் மறுமணம், பெண்கல்வி, கடல் கடந்து செல்லுதல் ஆகியவற்றுக்காகக் குஜராத்தில் எழுந்த இயக்கத்துக்கே 'சுதாரோ' என்றுதான் பெயர். அதன் முன்னணியில் நின்றவர், 1873இல் 'நர்மகோஷ்' என்ற அகராதியை முடித்த கவிஞர் நர்மத். பின்னாளில் அவரே தம் சீர்திருத்தக் கருத்துகளை மறுபரிசீலனை செய்தார். அந்த இயக்கத்தினர் பலருக்கு ஆங்கிலக் கல்வியும் மேலைநாட்டு வாழ்க்கைமுறையும் முன்மாதிரியாக இருந்தமையால், 'சுதாரோ' என்ற ஒரே சொல்லில் சீர்திருத்தமும் மேலைநாட்டு நவீன நாகரிகமும் ஒட்டிக்கொண்டன. ஆகவே காந்தி 'சுதாரோ'வைக் கேள்விக்குள்ளாக்கியபோது, குஜராத்தி வாசகருக்கு ஐரோப்பிய நாகரிகம் மட்டுமன்றி, அதுவரை முன்னேற்றம் என்று தாம் நம்பிவந்ததும் நினைவுக்கு வந்திருக்கும். ஆங்கிலத்தில் 'சிவிலைசேஷன்' என்று படிப்பவருக்கு இந்த இரண்டாவது அடி விழுவதில்லை. இழப்பு என்று நான் கருதுவது இதைத்தான்.

13ஆம் அதிகாரத்தில் அவர் சொல்லைப் பிரித்துக் காட்டுகிறார்: 'சு' என்றால் நல்லது, 'தாரோ' என்றால் வழக்கம் அல்லது ஒழுகலாறு, நல்ல ஒழுகலாறே 'சுதாரோ'. சட்டத்தையும் குஜராத்தியில் 'தாரோ' என்பதுண்டு. இதனைச் சொல்லாராய்ச்சியாக எடுத்துக்கொள்ளாமல், தம் கருத்தை நிலைநாட்ட அவர் சொல்லுக்கு ஏற்றிய பொருளாகக் கொள்வதே முறை. சொற்களில் அவருக்கு இருந்த அக்கறை புதிதன்று. 'பாஸிவ் ரெஸிஸ்டென்ஸ்' (வன்முறையற்ற எதிர்ப்பு) என்ற ஆங்கிலத் தொடருக்கு மாற்றாக ஒரு சொல் வேண்டும் என்று, தென்னாப்பிரிக்காவில் தாம் நடத்திய 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் அறிவிப்புச் செய்து, உறவினர் மகன்லால் காந்தி அனுப்பிய 'சதாக்ரஹ' என்பதை 'சத்யாக்ரஹ' என்று மாற்றிக்கொண்டவர் அவர்.

மறுமொழி 3

தமிழைப் பற்றிய கேள்விக்கு என் கருத்து: 'நாகரிகம்' என்றே எழுதுங்கள். ஆங்கிலச் சொல்லின் அடியில் குடிமகனைக் குறிக்கும் இலத்தீன் சொல் இருப்பதைப்போல, நம் சொல்லின் அடியில் 'நகரம்' இருக்கிறது. அதனால் ஒழுக்கத்தைச் சுட்ட அது பொருந்தாது என்று சிலர் வாதிடக்கூடும். ஆனால் கண்ணோட்டம், அதாவது இரக்கம், என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறளை எண்ணிப் பாருங்கள். நயத்தக்க நாகரிகத்தை விரும்புவோர், தமக்கு நஞ்சிடப்படுவதைக் கண்ணால் கண்டும், இட்டவர்மேல் உள்ள கண்ணோட்டத்தால் அதை உண்டு அமைவர் என்கிறார் வள்ளுவர். அங்கே 'நாகரிகம்' முழுக்க முழுக்க நடத்தையைக் குறிக்கிறது. இன்றும் "நாகரிகமாகப் பேசு" என்று ஒருவரைக் கண்டிக்கும்போது நாம் நகரத்தை நினைப்பதில்லை. ஆகவே காந்தி தேடிய பொருள் நம் சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. 'சீர்திருத்தம்' என்று நூல் முழுவதும் எழுதினால், ரயிலையும் இயந்திரத்தையும் அவர் விவாதிக்கும் பக்கங்களில் வாக்கியம் நொண்டும்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. 'நாகரிகம்' என்பதையே கொள்கிறேன். ஆயினும் இரண்டாம் மறுமொழியில் சொல்லப்பட்ட சீர்திருத்தப் பொருளை முதலில் வரும் இடத்திலேயே ஓர் அடிக்குறிப்பில் விளக்கிவிடுவேன். ஒரு சிறு ஐயம் எஞ்சியிருக்கிறது. சில இடங்களில் 'சுதாரோ' என்றில்லாமல் 'சுதாரா' என்று இருக்கிறது. அது வேறு சொல்லா?

மறுமொழி 1

வேறு சொல் அன்று. ஓகாரத்தில் முடியும் ஆண்பால் பெயர்கள், வேற்றுமை உருபு ஏற்கும்போதும் பன்மையிலும் ஆகாரமாக மாறும். 'சுதாரானும்' என்றால் 'நாகரிகத்தினுடைய'. உருபு ஒட்டியிருந்தால் பெரும்பாலும் ஒருமையாகவே கொள்ளலாம். உருபின்றித் தனித்து 'சுதாரா' என்று நின்றால் அது பன்மை, அங்கே 'திருத்தங்கள்' அல்லது 'சீர்திருத்தங்கள்' என்ற பொருள்தான் பெரும்பாலும் பொருந்தும்.