வண்டியில் பூட்டியிருக்கும்போதே மட்டக்குதிரைக்கு உடம்பு முடியாமல் போனது: உங்களுக்கு நேர்ந்திருக்கிறதா?

போன பருவத்தில் ஒரு வண்டி ஓட்டும் போட்டியில் நடந்தது இது. எழுத வேண்டும் என்று பலமுறை உட்கார்ந்து, பாதியில் எழுந்து போயிருக்கிறேன். இன்றைக்கு முழுதாக எழுதிவிடுகிறேன், நீளமாகத்தான் இருக்கும்.

மின்னி பதினொரு வயதுப் பெட்டை, 12 கை உயரம், அதாவது ஏறக்குறைய 122 செ.மீ. ஆறு வருடமாக இரண்டு சக்கர வண்டியில் பூட்டி ஓட்டுகிறேன். குணம் தங்கம். பூட்டும்போது ஏர்க்காலைத் தூக்கிப் பிடித்தால் அவளாகவே தலையைத் தாழ்த்திக்கொண்டு நிற்பாள்.

ஏறிச் சவாரி செய்கிறவருக்குக் குதிரையின் உடம்பு தொடைக்குக் கீழேயே இருக்கிறது, மூச்சு மாறினாலும் முதுகு இறுகினாலும் உடனே தெரிந்துவிடும். வண்டி ஓட்டுகிற நமக்கு அது கிடையாது. பின்னால் உட்கார்ந்து பார்த்தால் இரண்டு காது, முதுகு, பிட்டம், வால், அவ்வளவுதான். முகம் தெரியாது, கண்பட்டை வேறு கட்டியிருக்கும். மீதி சேதி எல்லாம் கடிவாள வார் வழியாகத்தான் கைக்கு வர வேண்டும். அன்றைக்கும் வந்தது. நான்தான் அதைத் தப்பாகப் படித்தேன்.

போட்டிக்கு முந்தைய இரண்டு நாளும் விடாத மழை. வெளியே விடவில்லை, பூட்டவும் இல்லை, லாயத்திலேயே நின்றாள். ஆனால் தானியத்தைக் குறைக்கவில்லை. போட்டியன்று உடம்பு கொஞ்சம் உருண்டு தெரியட்டும், மினுமினுப்பு குறையக்கூடாது என்று வழக்கமான அளவையே போட்டேன். இதைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

காலையில் சேணத்தைத் துடைத்து, பித்தளை எல்லாம் பளபளக்க, ஒழுங்காகத்தான் கிளம்பினோம். களத்துக்கு வெளியே பத்து நிமிடம் நடை, கொஞ்சம் ட்ராட் என்கிற மெல்லோட்டம், எல்லாம் சரி. உள்ளே போனதும் முதல் சுற்று நன்றாகப் போனாள். இரண்டாவது சுற்றில் பின்னங்கால் எட்டு குறைந்த மாதிரி இருந்தது. வழக்கமாக முன்னங்குளம்பு பதிந்த தடத்தைத் தாண்டிப் பின்னங்குளம்பு விழும், அன்றைக்கு அந்தத் தடத்தை எட்டாமலேயே விழுந்தது. தரை ஈரம், அதனால் பார்த்துப் பார்த்து வைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கடிவாளத்தில் ஒரு கனம், இழுக்கவும் இல்லை, விட்டுக் கொடுக்கவும் இல்லை, வாயில் எதையோ கடித்துப் பிடித்துக்கொண்ட மாதிரி. அப்புறம் கழுத்தில் வியர்வை. அந்த வேலைக்கு அவ்வளவு வியர்க்க வேண்டியதே இல்லை.

தனித்தனியாக ஓட்டிக் காட்டும் முறை வந்தது. நடுவர் வண்டியை நிறுத்தச் சொல்லி, பின்னால் மூன்று அடி எடுத்துக் காட்டச் சொன்னார். மின்னிக்கு அது தண்ணீர் குடிக்கிற மாதிரி. அன்றைக்கு அசையவே இல்லை. வாயால் சொன்னேன், வாரால் கேட்டேன், முதுகைத் தூக்கி இறுக்கிக்கொண்டு அப்படியே நின்றாள். கூட்டத்தைப் பார்த்து அடம் பிடிக்கிறாள் என்று சாட்டை நுனியால் தோளில் ஒரு தட்டு தட்டினேன். வலிக்கிற தட்டு இல்லைதான். ஆனால் அவள் ஏற்கெனவே தாங்க முடியாத வலியில் நின்றிருந்தாள், அது தெரியாமல் தட்டியிருக்கிறேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

அதற்கு அப்புறம் வால் தூக்கினாள், முன்னங்காலால் தரையைப் பிறாண்டினாள், மூச்சு வேகமாக வாங்க ஆரம்பித்தது. நடுவரிடம் சொல்லிவிட்டு மெதுவாக ஓரத்துக்குக் கொண்டுவந்தேன்.

அங்கே ஒரு நல்ல மனிதர் ஓடி வந்து, பாவம் மூச்சுத் திணறுகிறது என்று தலைக்கடிவாளத்தைக் கழற்றப் போனார். கத்தித்தான் நிறுத்தினேன், அவர் முகம் வாடிப் போயிற்று. எவ்வளவு அவசரமாக இருந்தாலும் ஏர்க்காலுக்குள் இருக்கிற குதிரைக்குக் கடிவாளத்தைக் கழற்றக்கூடாது. கண்பட்டை போனதும் பின்னால் இருக்கிற சக்கரம் திடீரென்று கண்ணில் படும், பயந்து பாய்ந்தால் பிடிக்க நம் கையில் ஒன்றும் இருக்காது, வண்டியோடு போய்விடும். உதவிக்கு வந்த என் தம்பி தலைப் பக்கம் நின்று பிடித்துக்கொள்ள, நான் வயிற்றுப் பட்டை, பிட்டத்தைச் சுற்றி வரும் பின்பட்டை, கடைசியில் இழுக்கிற வார், இந்த வரிசையில் அவிழ்த்தேன். வண்டியைப் பின்னால் தள்ளி முழுக்க விலக்கிய பிறகுதான் கடிவாளத்தில் கை வைத்தோம். என் கை நடுங்கிக்கொண்டிருந்தது, வரிசை மட்டும் பழக்கத்தில் வந்தது.

இனிமேல்தான் நான் செய்த பெரிய தப்பு. வியர்வை, தரையைப் பிறாண்டல், வேக மூச்சு. பார்த்த எல்லோரும் வயிற்றுவலி என்றார்கள், நானும் கோலிக் என்றே முடிவு கட்டினேன். கோலிக் என்றால் உருண்டுவிடாமல் மெதுவாக நடக்க வைப்போமே, அப்படி நடக்க வைத்தேன். இருபது நிமிடம். ஒவ்வொரு அடிக்கும் முனகினாள். நடக்க மறுத்து நின்றபோதெல்லாம் இழுத்தேன்.

கால்நடை டாக்டர் வந்தார். வந்ததும் மோவாய் எலும்பின் உள்விளிம்பில் விரல் வைத்துப் பதினைந்து விநாடி எண்ணினார், 18. அதாவது நிமிடத்துக்கு 72. சும்மா நிற்கும்போது அவளுக்கு 40தான் இருக்கும். வயிற்றின் இரண்டு பக்கமும் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார், குடல் சத்தம் நன்றாகவே இருந்தது. பிறகு எதுவும் பேசாமல் என் கையைப் பிடித்து அவள் பிட்டத்துத் தசை மேல் வைத்தார். பலகை. விரலால் அழுத்தினால் உள்ளே போகவே இல்லை. தொட்டதும் தோல் துடித்தது. இனிமேல் ஒரு அடிகூட நடக்க வைக்காதீர்கள் என்றார். கொஞ்ச நேரத்தில் சிறுநீர் கழித்தாள், பால் கலக்காத காப்பி நிறம்.

தசை இறுக்க நோய். வேலை செய்யும்போது தசை நார் உடைந்து, அதிலிருக்கும் மயோகுளோபின் ரத்தத்தில் கலந்து சிறுநீரில் வருகிறது, அந்த நிறம் அதனால்தான். அது சிறுநீரகத்தையும் கெடுக்கும். இதற்குத் திங்கட்கிழமை நோய் என்றே பழைய பெயர் உண்டு. வண்டிக் குதிரைகளுக்கு ஞாயிறு ஓய்வு கொடுத்து, தீனியை மட்டும் குறைக்காமல் போட்டு, திங்களன்று பூட்டியதும் இப்படி விழுமாம். என் இரண்டு நாள் மழையும் குறையாத தானியமும் அதே கணக்கு.

வலிக்கு மருந்தும், நரம்பு வழியாக லிட்டர் லிட்டராகத் திரவமும் போனது. சில வலி மருந்துகள் நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்கு ஆகாது என்பதால், டாக்டர் திரவத்தை ஏற்ற ஆரம்பித்த பிறகுதான் அந்த ஊசியைப் போட்டார். நாமாக ஊசி போட்டுவிடக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும். ரத்தத்தில் சிகே என்ற தசை நொதி எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அன்றிரவு அங்கேயே தங்கினோம், வீட்டுக்குக் கொண்டுபோக லாரியில் ஏற்றினால் நின்று சமாளிக்கவே தசை வேலை செய்ய வேண்டியிருக்கும் என்று டாக்டர் தடுத்துவிட்டார். விடியற்காலை நாலு மணிக்கு சிறுநீர் வெளுத்து வந்தது. வாளியில் பிடித்து டார்ச் அடித்துப் பார்த்தேன், அந்த மஞ்சளைப் பார்த்து அழுதேன்.

உங்களுக்கு இந்த மாதிரி நடந்திருந்தால் எழுதுங்கள். என்ன நோயாக இருந்தாலும் பரவாயில்லை, முதலில் எதைக் கவனித்தீர்கள், எதைக் கவனிக்காமல் விட்டீர்கள், அதுதான் எனக்கு வேண்டும்.

*

படித்துவிட்டு லாயத்துக்குப் போய் என் குதிரையின் பிட்டத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். நீங்கள் நடக்க வைத்ததற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம், அந்த இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

என்னுடையது தொண்டை அடைப்பு. போட்டியில் இரண்டு பிரிவுகளுக்கு நடுவில் ஒரு மணி நேரம் இருந்தது, பசித்திருப்பான் என்று உருண்டைத் தீவனத்தை நனைக்காமல் அப்படியே ஒரு கை வைத்தேன். அவசர அவசரமாகத் தின்றான். ஐந்து நிமிடத்தில் கழுத்தை நீட்டி இருமினான், இரண்டு மூக்கிலும் பச்சையாக நுரை, தீவனத் தூளோடு. மூச்சுக்குழல் அடைத்துக்கொண்டது, செத்துவிடுவான் என்றே நினைத்தேன். அடைத்தது உணவுக்குழல், மூச்சு விட முடியும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. தண்ணீர் கொடுத்தால் இறங்கிவிடும் என்று யாரோ வாளியைக் கொண்டுவந்தார்கள், என் மனைவி தட்டிவிட்டாள். அவள் செய்ததுதான் சரி. தண்ணீரையும் புல்லையும் விலக்கிவிட்டு, எச்சில் வெளியே வடியும்படி தலையைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, டாக்டர் வரும் வரை நின்றோம். மயக்க ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டு, தண்ணீரால் கரைத்து எடுத்தார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல், 39.6. எச்சிலும் தீவனமும் நுரையீரலுக்குள் போயிருந்தால் நிமோனியா வரும், அதனால் ஒரு வாரம் காலையும் மாலையும் சூடு பார்க்கச் சொல்லியிருந்தார்கள். பார்த்ததால் பிழைத்தான். எங்கள் போட்டிப் பெட்டியில் இப்போது உதிரி வார், குளம்புக் கொக்கி, கத்தியோடு ஒரு தெர்மாமீட்டரும் இருக்கிறது, வாலில் மாட்டுகிற கிளிப்பும் நூலும் போட்டது.

*

நான் எழுதுவது களத்துக்குள் நடந்தது இல்லை, இரண்டு நாள் போட்டியில் இரவுக் கொட்டகையில் நடந்தது. ஷெட்லாண்டு என்கிற குட்டையான மட்டக்குதிரை இனத்தை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்.

எப்போதும் ஜோடியோடு நிற்கிறவளைத் தனியாகக் கொண்டுபோயிருந்தேன். முதல் நாள் புல்லைத் தொடவில்லை. துணையில்லாத ஏக்கம், நாளைக்குத் தின்பாள் என்று விட்டுவிட்டேன். நல்ல கொழுத்த உடம்பு, ஒருநாள் பட்டினி இவளுக்கு நல்லதுதான் என்றுகூடப் பக்கத்தில் ஒருவர் சொன்னார். மறுநாள் வாளியில் வாயை வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாள், தண்ணீரை உதட்டால் அளைந்துகொண்டே இருந்தாள். கண் சொருகியிருந்தது.

டாக்டர் ரத்தம் எடுத்தார். குழாயை நிறுத்தி வைத்துக் கொஞ்ச நேரம் ஆனதும் சிவப்பு கீழே தங்கி மேலே தெளிந்து நிற்க வேண்டிய பகுதி பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. நான் அந்த மாதிரி பார்த்ததே இல்லை. மட்டக்குதிரை, அதிலும் குண்டானது, தின்பதை நிறுத்தினால் உடம்பிலிருக்கும் கொழுப்பு கரைந்து ரத்தத்தில் கொட்டுகிறது, ஈரல் அதைத் தாங்காது. கழுதைக்கும் இதே ஆபத்து உண்டு. பெரிய குதிரை ஒருநாள் தின்னாமல் இருப்பதும் இதுவும் ஒன்றில்லை. நாலு நாள் குழாய் வழியாக உணவு, குளுக்கோஸ். பிழைத்தாள், ஆனால் கருவிலிருந்த குட்டி போய்விட்டது. அவள் சினை என்பது எனக்கே தெரியாது. சினை என்றால் ஆபத்து இன்னும் கூடுதல் என்று டாக்டர் சொன்னார்.

அவள் இப்போது எங்கே போனாலும் ஜோடியும் கூடவே வரும், போட்டியில் கலந்துகொள்ளாவிட்டாலும்.

*

இரண்டு பேருக்கும் நன்றி. அந்தப் பால் நிற ரத்தத்தைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் எழுத முடியவில்லை.

மின்னி மறுபடி வண்டி இழுக்கிறாளா என்று தனியாகக் கேட்டிருந்தார்கள். இழுக்கிறாள். ரத்தத்தில் அந்த நொதி இறங்கும் வரை பூட்டவே இல்லை. பிறகு கையில் பிடித்து நடை, அப்புறம் நீள வாரில் பின்னால் நடந்து ஓட்டினேன், ஐந்து மாதம் கழித்துத்தான் வெறும் வண்டி. தானியம் கிட்டத்தட்ட நின்றுவிட்டது, புல்லும் கொஞ்சம் எண்ணெயும் வைட்டமின் ஈயும். மழையோ வெயிலோ தினமும் வெளியே விடுகிறேன், ஒருநாள் விட முடியாமல் போனால் தீனி அன்றைக்கே பாதி. பரம்பரையாக வரும் ஒரு வகையும் இந்தத் தசை நோயில் உண்டு, அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2008இல் கண்டுபிடித்திருக்கிறார்கள், வேரோடு பிடுங்கிய முடியிலேயே சோதித்துவிடலாம். பிடரியிலிருந்து எடுத்துப் போன வாரம் அனுப்பியிருக்கிறேன்.

இடது பிட்டத்தில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குத் தசை பள்ளமாகிவிட்டது, அது இன்னும் நிரம்பவில்லை. பின்பட்டை அந்தப் பக்கம் தொங்குகிறது, இரண்டு துளை உள்ளே தள்ளி மாட்டுகிறேன். பூட்டும்போது முன்பு போலவே தலையைத் தாழ்த்தித் தருகிறாள். முடிச் சோதனை முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.