பையன் நளினமாக இருந்தால் டாக்டரிடம் போகணுமா?

கேள்வி: எட்டாம் வகுப்புப் பையன். நடையும் கையசைவும் நளினம். வகுப்பில் 'ஒன்பது' என்கிறார்கள். 'மாத்திடலாம், டாக்டர்கிட்ட காட்டு' என்கிறார்கள் சொந்தக்காரர்கள். போகலாமா?

பதில் 1: வேண்டாங்க. நளினம் நோயில்லை, அதை வைத்து அவன் யாரென்று இப்போதே முடிவு கட்டவும் முடியாது. பாலின அடையாளத்தை 'மாற்றும்' சிகிச்சைக்கு 2021-இல் சென்னை உயர் நீதிமன்றமே தடை சொன்னது. தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்றது.

பதில் 2: இந்தக் கேலியைப் பற்றிப் பள்ளியில் வாயால் சொன்னால் காற்றோடு போகும். தேதி, பீரியட், சொன்ன வார்த்தை அப்படியே, யார் யார் என்று எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் சீல் வாங்குங்க. பெரும்பாலும் பாத்ரூம், பி.டி. பீரியடில்தான் நடக்கும்; அங்கே ஆள் நிறுத்தச் சொல்லிக் கேளுங்க. அசையலைன்னா குழந்தைகள் உதவி எண் 1098, இலவசம்.

பதில் 3: வீட்டில் 'ஆம்பள மாதிரி நட' என்பதை முதலில் நிறுத்துங்க அக்கா. நடை மாறாது, பள்ளியில் நடப்பதை உங்களிடம் சொல்வதுதான் நிற்கும். கிராப் வெட்டிய பொண்ணைத் 'தைரியசாலி' என்கிற அதே வாய்தான் இது! அதுவும் அவள் வயதுக்கு வரும்வரைதான்.