ஒரே விட்ஜெட் டெஸ்க்டாப், மூணு கம்ப்யூட்டர்ல மூணு மாதிரி காட்டுது – உதவி வேணும்

பத்திரிகைக்கடை:
வணக்கமுங்க. சின்னதா டிடிபி கடை வெச்சிருக்கேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், விசிட்டிங் கார்டு, அவ்வளவுதான். பிரவுசர்லயே திறக்குற விட்ஜெட் டெஸ்க்டாப் ஒண்ணை ரெண்டு வருஷமா வெச்சு ஓட்டுறேன். கடிகாரம், வானிலை, காலண்டர், கூடவே நாலஞ்சு ஒட்டுச்சீட்டு. யாருக்கு என்னைக்கு டெலிவரி, எவ்வளவு அட்வான்ஸ், எல்லாம் அந்தச் சீட்டுலதான் இருக்கும். 2013 நவம்பர்ல ஐகூகுளை (கூகுளோட விட்ஜெட் முகப்புப் பக்கம்) மூடினதுல இருந்து இந்த மாதிரி ஒண்ணு இல்லாம எனக்குக் கை ஓடாது. தளத்தோட பேரு வேண்டாமுங்க, யாரோ நாலு பேர் பாடுபட்டு நடத்துறது.

கடையில விண்டோஸ் 7, குரோம். வீட்ல விண்டோஸ் 11 லேப்டாப், பயர்ஃபாக்ஸ். சில நாள் பையனோட ஐபேட், சஃபாரி.

பிரச்சினை இதுதான். கடையில எழுதின சீட்டு வீட்ல இல்லை. வீட்ல காலண்டர் பெட்டி 'லாகின் பண்ணு'ன்னே நிக்குது, எத்தனை தடவை பண்ணினாலும். ஐபேட்ல எழுதுனது பத்து நாள் கழிச்சுப் பார்த்தா சுத்தமா துடைச்ச மாதிரி இருக்கு. போன வாரம் வளைகாப்பு அழைப்பிதழ்காரர் 1,500 அட்வான்ஸ் கொடுத்தேங்கிறார். என் சீட்டுல 500தான் இருக்கு. ரெண்டு பேருக்கும் முகம் சுண்டிப்போச்சு.

ஈயப்பாத்திரம்:
எல்லா பிரவுசர்லயும் கேச்சை (பிரவுசர் சேமிச்சு வெச்ச பழைய பக்கங்களை) கிளியர் பண்ணிட்டுப் பாருங்க ப்ரோ.

பக்குபிடிப்பவள்:
அண்ணா, தயவுசெஞ்சு மேல சொன்னதைச் செய்யாதீங்க! 'குக்கீஸ், தளத் தரவு'ங்கிற கட்டமும் சேர்ந்து டிக் ஆகியிருந்தா மிச்சம் இருக்குற சீட்டும் போயிடும். முதல்ல மூணு கேள்வி. மூணு மெஷின்லயும் லாகின் பண்ணியிருக்கீங்களா? முகவரிப் பட்டையில எழுத்து எழுத்தா என்ன இருக்கு? கடை குரோம் எந்தப் பதிப்பு?

பத்திரிகைக்கடை:
கடையில என் பேரு காட்டுது. வீட்லயும் ஐபேட்லயும் மூலையில 'விருந்தினர்'னு இருக்கு. இத்தனை நாளா அதைக் கவனிக்கவே இல்லீங்க. குரோம் 109.

முகவரி விஷயத்துல ஒண்ணு சொல்லணும். கடையில புக்மார்க்கை அமுக்கினா எச்டிடிபின்னு வருது. நானே டைப் அடிச்சா எச்டிடிபிஎஸ், அதுக்கப்புறம் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ. பக்கம் ஒண்ணுதானே?

வலைநூல்:
அங்கதான் சார் மாட்டுது. பக்கம் பார்க்க ஒண்ணு, கல்லாப்பெட்டி ரெண்டு.

விருந்தினரா இருக்கும்போது இந்தத் தளம் எதையும் சர்வருக்கு, அதாவது தளத்துக்காரங்க கம்ப்யூட்டருக்கு, அனுப்புறதில்லை. உங்க பிரவுசருக்குள்ள லோக்கல் ஸ்டோரேஜ்னு ஒரு இடம் இருக்கு, தளத்துக்குச் சுமார் 5 எம்பி. அங்க எழுதி வைக்குது. அந்த இடத்தைப் பிரவுசர் பிரிச்சுக் கொடுக்குறது மூணு விஷயத்தைப் பார்த்து: எச்டிடிபியா எச்டிடிபிஎஸ்ஸா, தளத்தோட பேரு, போர்ட் எண் (சில முகவரியில பேருக்குப் பின்னால வர்ற எண்). இதுல ஒரு எழுத்து மாறினாலும் வேற பெட்டிதான். டபிள்யூ டபிள்யூ டபிள்யூ இருந்தா ஒண்ணு, இல்லாட்டி இன்னொண்ணு. குரோம் பெட்டியைப் பயர்ஃபாக்ஸ் திறக்காது, கடை மெஷின்ல இருக்குறது வீட்டு மெஷினுக்குத் தானா வராது.

நீங்களே பாருங்க. கடையில புக்மார்க் வழியா திறந்து எஃப்12 அமுக்குங்க. மேல 'அப்ளிகேஷன்', இடது பக்கம் 'லோக்கல் ஸ்டோரேஜ்'. பயர்ஃபாக்ஸ்ல அதே இடத்துக்கு 'ஸ்டோரேஜ்'னு பேரு. உள்ள உங்க சீட்டு எழுத்து அப்படியே தெரியும். அப்புறம் டைப் அடிச்ச முகவரியிலயும் அதே மாதிரி பாருங்க. எதையும் அழிக்காதீங்க, காப்பி பண்ணி நோட்பேட்ல போடுங்க.

பக்குபிடிப்பவள்:
ஐபேட் கதை தனி. 2020 மார்ச்ல வந்த சஃபாரி 13.1ல இருந்து ஒரு விதி இருக்கு. சஃபாரியைப் பயன்படுத்துற ஏழு நாள்ல அந்தத் தளத்தை நீங்க திறந்து தொடவே இல்லைன்னா, தளத்தோட ஸ்கிரிப்ட் (பக்கத்துக்குள்ள ஓடுற நிரல்) சேமிச்சதை எல்லாம் அது அழிச்சிடும். வேவு பார்க்குற விளம்பரக்காரங்களுக்குப் போட்ட வலை, உங்க சீட்டும் சேர்ந்து மாட்டுது. ஐபேட்ல குரோம் போட்டுக்கலாம்னு நினைக்காதீங்க, நம்ம ஊர்ல அதுக்குள்ளயும் ஓடுறது சஃபாரியோட அதே இன்ஜின், வெப்கிட்தான். லாகின் பண்ணிட்டா சரக்கு சர்வர்ல இருக்கும், கவலை இல்லை. ஹோம் ஸ்கிரீன்ல ஐகானா சேர்த்தா அந்த ஏழு நாள் கணக்கு பொருந்தாது, ஆனா அதுக்குப் பெட்டி தனி. அங்க போய் இன்னொரு தடவை லாகின் பண்ணணும்.

வீட்டுக் காலண்டர் பெட்டி வேற தளத்துல இருந்து ஐஃப்ரேமா, அதாவது பக்கத்துக்குள்ள இன்னொரு பக்கமா, வருது. 2022 ஜூன்ல இருந்து பயர்ஃபாக்ஸ், உள்ள உட்கார்ந்திருக்குற தளத்தோட குக்கீயை (லாகினை நினைவு வெச்சுக்குற சின்னக் குறிப்பை) வெளித் தளத்துக்குத் தகுந்த மாதிரி தனித்தனியா பிரிச்சு வைக்குது. நீங்க வேற டேப்ல லாகின் பண்ணினது இந்தப் பெட்டிக்குத் தெரியாது. முகவரிப் பட்டையில கேடயம் மாதிரி இருக்குற படத்தை அமுக்கி, இந்த ஒரு தளத்துக்கு மட்டும் பாதுகாப்பை நிறுத்திப் பாருங்க.

பத்திரிகைக்கடை:
மேடம், காலண்டர் வந்துடுச்சு! ஐபேட்லயும் வீட்லயும் லாகின் பண்ணிட்டேன். வீட்ல லாகின் பண்ணுறப்ப 'இங்கே இருப்பதை வைக்கவா, சர்வரில் இருப்பதை எடுக்கவா'ன்னு கேட்டுச்சு. நல்லவேளை, சார் சொன்ன மாதிரி முன்னாடியே நோட்பேட்ல எடுத்து வெச்சிருந்தேன்.

ஆனா புதுசா ஒரு பேய் வந்திருக்கு. ராத்திரி வீட்ல டெலிவரி முடிஞ்ச சீட்டை அழிக்கிறேன். காலையில கடைக்கு வந்தா அப்படியே இருக்கு. சாயங்காலம் வீட்ல பார்த்தா அங்கயும் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கு. அதோட வீட்ல வலது ஓரத்துல வெச்ச சீட்டு கடையில காணவே காணோம்.

வலைநூல்:
கடை கம்ப்யூட்டரை ராத்திரி ஆஃப் பண்றீங்களா?

பத்திரிகைக்கடை:
மானிட்டரை மட்டும்தானுங்க. விண்டோஸ் 7, ஆன் ஆக பத்து நிமிஷம் ஆகும். டேப் அப்படியே திறந்துதான் இருக்கும்.

வலைநூல்:
பேய் அதுதான். டேப் திறந்தப்ப இருந்த நிலைமை அதோட நினைவுல அப்படியே கிடக்கு. எஃப்12ல 'நெட்வொர்க்'கைத் திறந்து வெச்சுட்டுச் சும்மா கொஞ்ச நேரம் பாருங்க. வானிலை புதுப்பிக்கிற ஒவ்வொரு தடவையும் முழு டெஸ்க்டாப்பையும் தூக்கி சர்வருக்கு அனுப்புதுன்னு என் சந்தேகம். கடைசியா எழுதினவன் சொல்றதே செல்லும்னு தளம் வெச்சிருந்தா, நேத்து வீட்ல அழிச்சதைக் கடை டேப் இன்னைக்கு உயிர்ப்பிச்சுடும்.

காணாமப்போன சீட்டு காணாமப் போகலை, திரைக்கு வெளியே நிக்குது. லேப்டாப் 1920 அகலம், 125 சதவீதப் பெரிதாக்கல்னா பிரவுசர் கணக்குல 1536. கடை மானிட்டர் எவ்வளவு, 1366ஆ? 1400வது புள்ளியில வெச்ச சீட்டு அங்க எப்படித் தெரியும்? கன்ட்ரோலோட மைனஸை அமுக்கி 80 சதவீதத்துக்குக் கொண்டு வாங்க, வந்து நிக்கும். இடது பக்கம் இழுத்து விட்டுடுங்க.

ஈயப்பாத்திரம்:
கேச் யோசனைக்கு மன்னிச்சுக்குங்க. நான் பண்ணிட்டு எனக்கே எல்லாம் போச்சு ஒரு தடவை, அப்பவும் புத்தி வரலை 😅

பக்குபிடிப்பவள்:
இன்னொண்ணும் சொல்லிடறேன். விண்டோஸ் 7க்கு குரோம் 109தான் கடைசி, 2023 ஜனவரியில வந்தது. சிஎஸ்எஸ் நெஸ்டிங் (பக்கத்தோட தோற்றத்தை எழுதுற புது முறை) மாதிரி விஷயம் குரோம் 112லதான் சேர்ந்துச்சு. தளத்துக்காரங்க புது விட்ஜெட்டை அப்படி எழுதினா உங்க கடையில மட்டும் பெட்டி கோணல்மாணலா வரும். மெஷினை மாத்துற வரைக்கும் பயர்ஃபாக்ஸ் 115 ஈஎஸ்ஆர் (நீண்ட நாள் ஆதரவுப் பதிப்பு) போட்டுக்குங்க, விண்டோஸ் 7ல ஓடும். அதுல நெஸ்டிங் கிடையாது, 117லதான் வந்துச்சு, அதனால கோணல் முழுசா நிமிராது. குரோம் 109க்கு அப்புறமும் அதுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வந்துச்சு, அதுக்காகத்தான் சொல்றேன்.

பத்திரிகைக்கடை:
நெட்வொர்க்ல பார்த்தேனுங்க. டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள ரெண்டு தடவை போச்சு. உள்ள திறந்து பார்த்தா நான் நேத்து அழிச்ச காதுகுத்துச் சீட்டு முழுசா இருக்கு! இப்ப ராத்திரி டேப்பை மூடிட்டுத்தான் கிளம்பறேன், மூணு நாளா பேய் வரலை. தளத்துக்காரங்களுக்கும் இதை எழுதிப் போட்டிருக்கேன். புக்மார்க்கை எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாத்திட்டேன். 80ல அந்தச் சீட்டும் கிடைச்சுது.

பழைய எச்டிடிபி பெட்டியையும் சார் சொன்னபடி திறந்தேன். சித்திரை மாசம் எழுதுன சீட்டு ஏழு கிடந்துச்சு. அதுல ஒண்ணு 'வளைகாப்பு – மேற்கொண்டு 1,000 வாங்கியாச்சு'. அவருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டுட்டேன். பாக்கிப் பத்திரிகை நூறை நானே கொண்டு போய்க் கொடுக்கறதா சொல்லியிருக்கேன்.