பாயின் ‘கேம்பர்’ தமிழில்: புடைப்பா, கணையா?

மாட்டுங்காவிலிருந்து:

அன்புடையீர், வணக்கம். தாராவியில் தமிழ்வழியில் பயிலும் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு, படகுப் பாயின் வடிவத்தை ஒளிப்படத்திலிருந்து அளக்கும் பயிற்சித்தாள் ஒன்று எழுதுகிறேன். வெள்ளியன்று அச்சுக்குப் போக வேண்டும். பாயின் குறுக்கே வெவ்வேறு உயரங்களில் கருநிறப் பட்டைகளை ஒட்டி, அடிவிளிம்பின் நடுவிலிருந்து மேல்நோக்கிப் படமெடுத்தால், ஒவ்வொரு பட்டையும் வில்லாகத் தெரியும். பட்டையின் இரு முனைகளை இணைக்கும் நேர்கோடு நாண். நாணிலிருந்து பட்டை மிக அதிகமாக விலகும் தொலைவை நாணின் நீளத்தால் வகுத்துக் கிடைக்கும் விழுக்காடே ‘கேம்பர்’. நாண் 200 செ.மீ., விலகல் 24 செ.மீ. எனில் அது 12 விழுக்காடு. இதனை ‘வளைமை’ எனலாமா?

செம்பூரிலிருந்து:

வளைமை பொருந்தாது. அது கோட்டின் ஒவ்வொரு புள்ளிக்கும் உரியது. நீங்கள் கேட்பதோ முழுப் பட்டைக்கும் உரிய ஒரே விகிதம். ஒரே கேம்பர் கொண்ட இரு பாய்களில் ஒன்று முன்விளிம்பருகிலும் மற்றொன்று நடுவிலும் ஆழம் கொண்டிருக்கலாம். அவற்றின் வளைமை வேறு வேறாகும். வில்லும் நாணும் நம் பாடநூலில் இருக்கும்போது அம்பு மட்டும் ஏன் விடுபட வேண்டும்? நாணுக்கும் வில்லுக்கும் இடைப்பட்ட இத்தொலைவை வடமொழிக் கணிதம் ‘சரம்’ என்றது. இலத்தீனின் ‘சஜிட்டா’வும் அம்பே. ஆகவே ‘கணை’ என்க. பாய் என்பது படுக்கும் பாயையும் குறிப்பதால், மதுரைக்காஞ்சியின் ‘நெடுங்கொடிமிசை இதையெடுத்து’ என்னும் அடியில் கப்பற்பாயைக் குறிக்கும் ‘இதை’யை மீட்டு, ‘இதைக்கணை’ என வழங்கலாம்.

முலுண்டிலிருந்து:

ஐயா, ‘இதை அளந்து எழுதுக’ என்று தாளில் கண்டால் எந்த மாணவரும் சுட்டுப்பெயராகவே படிப்பார். புறநானூற்றின் 30ஆம் பாடலே ‘மீப்பாய் களையாது’ என்கிறது. பாய் என்பதில் தூய்மைக்கு என்ன குறை? காற்றில் பாய் புடைப்பதை யாரும் கண்ணால் காணலாம் என்பதால் ‘புடைப்பு விகிதம்’ என்றாலே விளங்கிவிடும். ஆழம் மிகுந்த இடத்தைப் ‘புடைப்பிடம்’ எனலாம். சொல்லைவிட எனக்குக் கவலை தருவது கேமரா: அகலக்கோண ஆடி (லென்ஸ்) நேர்கோட்டையே வளைத்துக் காட்டும். சதுரங்கக் கட்டமிட்ட அட்டையைப் படமெடுத்து அந்தத் திரிபை முதலில் நீக்காவிட்டால், ஆடியின் வளைவும் பாயின் கணக்கில் சேர்ந்துவிடும். இதனைத் தாளின் முதல் பத்தியிலேயே சேர்க்க வேண்டுகிறேன்.

செம்பூரிலிருந்து:

திரிபு நீக்கம் அவசியம் என்பதை முழுமையாக ஏற்கிறேன், புடைப்பை ஏற்கவில்லை. அது வீக்கத்தையும் குறிக்கும். முறத்தில் புடைப்பதையும் நினைவூட்டும். அளவைச் சொல்லுக்குரிய கூர்மை அதில் இல்லை.

மாட்டுங்காவிலிருந்து:

பெரும்பாலோர் விருப்பப்படி ‘புடைப்பு விகிதம்’ என்றே அச்சுக்குத் தருகிறேன். ஆயினும் படத்தில் நாணுக்குச் செங்குத்தாக வரையும் கோட்டுக்குக் ‘கணை’ என்றே பெயரிட்டிருக்கிறேன், ஏனெனில் அந்த வாதம் எனக்கு வலுவாகப் படுகிறது. உயரம் கூடக்கூட நாணின் திசை மாறுவதை ‘முறுக்கம்’ என்பதா, ‘திருகல்’ என்பதா என்பது முடிவாகவில்லை. வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.